கணிதத்தில் இளங்கலை, கணினியில் முதுகலை: தகுதி விதியை எப்படிப் படிப்பது?

கேள்வி: ஐயா, தென்காசி மாவட்டத்தில் ஓர் அரசு கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் ஐந்தாம் பருவம் படிக்கிறேன். அப்பா விசைத்தறித் தொழிலாளி. பகுதி மூன்றில் (முதன்மை, துணைப் பாடங்களில்) மட்டும் 71 சதவீதம் வைத்திருக்கிறேன். மொழிப் பாடங்களையும் சேர்த்தால் 61 தான் வருகிறது. இரண்டாம் பருவத்தில் விழுந்த ஓர் அரியரை அடுத்த பருவத்திலேயே முடித்துவிட்டேன். கணிதம் பிடிக்கும், துணைப்பாடமாக வந்த சி நிரலாக்கமும் மிகவும் பிடித்துவிட்டது. கல்லூரி ஆசிரியர் ஆக வேண்டும் என்பது ஆசை. எம்.எஸ்ஸி. கணினி அறிவியல் படிக்கலாம் என்றால், சீனியர் அக்கா ஒருவர், "கிராஸ் மேஜர் ஆகிவிடும், பிறகு எங்கேயும் வேலை கிடைக்காது" என்கிறார். அண்ணன் எம்.சி.ஏ. சேரச் சொல்கிறார். கணிதப் பட்டத்தை வைத்துக்கொண்டு கணினித் துறைக்குள் நுழைய எனக்குத் தகுதி உண்டா? இப்போதிலிருந்து என்ன செய்ய வேண்டும்?
— ஒரு வாசகி, சங்கரன்கோவில்

பதில்: அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. முதுகலையில் சேர்வதற்கான தகுதி ஒன்று. படித்து முடித்தபின் ஆசிரியப் பணிக்கு விண்ணப்பிப்பதற்கான தகுதி இன்னொன்று. இரண்டையும் தீர்மானிப்பவர்கள் வேறு வேறு. விதிகளும் வேறு வேறு. உங்கள் சீனியர் சொன்னது இரண்டாவதில் ஒரு பகுதிக்கு மட்டும் பொருந்தும். நீங்கள் ஆசிரியர் ஆக விரும்புவதால் அதையே முதலில் தெளிவாக்கிக்கொள்வோம்; எந்த முதுகலை என்பது அதிலிருந்துதான் பிறக்க வேண்டும்.

இளங்கலையும் முதுகலையும் வெவ்வேறு பாடமாக இருக்கும் கிராஸ் மேஜர் என்ற சிக்கல் பெரிதாக எழுவது அரசு மேல்நிலைப் பள்ளிகளின் முதுகலை ஆசிரியர் பணியில். அங்கே இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்திலோ, இணையானது என்று அரசு ஏற்றுக்கொண்ட பாடத்திலோ இருக்க வேண்டும், கூடவே பி.எட். வேண்டும். இளங்கலையில் கணிதமும் முதுகலையில் கணினி அறிவியலும் படித்தவர் அந்தப் பணிக்குப் போகும்போது தடுமாறுவது உண்மைதான். ஆனால், கலை அறிவியல் கல்லூரியின் உதவிப் பேராசிரியர் பணிக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 ஆம் ஆண்டு விதிமுறை முதன்மையாகப் பார்ப்பது முதுகலைப் பாடத்தை: உரிய பாடத்தில் அல்லது அதைச் சார்ந்த பாடத்தில் 55 சதவீதத்தோடு முதுகலைப் பட்டம், அத்துடன் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி அல்லது விதிப்படி பெற்ற முனைவர் பட்டம். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், வளமான பிரிவில் (கிரீமி லேயர்) வராத பிற பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 50 சதவீதம் போதும். ஆகவே எம்.எஸ்ஸி. கணிதம் முடித்தால் கணிதத் துறைக்கும், எம்.எஸ்ஸி. கணினி அறிவியலோ எம்.சி.ஏ.வோ முடித்தால் கணினித் துறைக்கும் நீங்கள் விண்ணப்பிக்கலாம். இரண்டுக்கும் நெட் தேர்வே வேறு: கணிதத்துக்கு, அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தின் (சி.எஸ்.ஐ.ஆர்.) பெயரில் நடக்கும் நெட்டில் வரும் கணித அறிவியல் தாள்; கணினிக்கு யு.ஜி.சி. நெட்டில் வரும் கணினி அறிவியலும் பயன்பாடுகளும் என்ற தாள்.

பொறியியல் கல்லூரியின் கணினித் துறை தனிக் கதை. அங்கே உதவிப் பேராசிரியருக்கு உரிய பிரிவில் பி.இ. அல்லது பி.டெக்., அதன்மேல் எம்.இ. அல்லது எம்.டெக். என்று தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி கேட்கிறது. மூன்றாண்டு பி.எஸ்ஸி. படித்தவருக்கு அந்தக் கதவு எளிதில் திறக்காது. அதே பொறியியல் கல்லூரியின் கணிதத் துறைக்கு நீங்கள் தாராளமாகப் போகலாம். "கணினியில் ஆசிரியர்" என்று நீங்கள் மனத்தில் வைத்திருப்பது கலைக் கல்லூரியா பொறியியல் கல்லூரியா என்பதை இன்றே உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு வந்து, வேலை விளம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண்கலங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இனி சேர்க்கைத் தகுதி. ஒரு சேர்க்கை அறிவிப்பின் தகுதி விதியில் மூன்று செய்திகள் அடுத்தடுத்து ஒளிந்திருக்கும்: பட்டத்தின் பெயர், மதிப்பெண், நீங்கள் படித்த தாள்கள். மாணவர்கள் பெரும்பாலும் முதலாவதை மட்டும் படித்துவிட்டு மகிழவோ சோரவோ செய்கிறார்கள். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் எம்.எஸ்ஸி. கணினி அறிவியலுக்குக் கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பம், பி.சி.ஏ. படித்தவர்களை மட்டும் எடுக்கும் இடங்கள் உண்டு; கணினியைத் துணைப்பாடமாகப் படித்த கணித மாணவர்களையும் எடுக்கும் இடங்கள் உண்டு. இது இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். நண்பர் சொன்னது, யூடியூபில் கேட்டது என்று எதையும் நம்பாமல், அந்த ஆண்டின் தகவல் கையேட்டை இறக்கி அந்தப் பத்தியைச் சொல் சொல்லாகப் படியுங்கள்.

மதிப்பெண்ணில் உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. பகுதி மூன்றை மட்டும் கணக்கிடும் பல்கலைக்கழகங்களில் உங்கள் 71 கம்பீரமாக நிற்கும். தேசிய அளவிலான பல சேர்க்கைகள் மொழிப் பாடங்களையும் சேர்த்து எல்லாப் பருவங்களின் மொத்தத்தையும் கேட்கும். அங்கே உங்களுக்கு 61 தான். தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் எம்.சி.ஏ. சேர்வதற்கான நிம்செட் தேர்வுக்கு, கணிதத்தையோ புள்ளியியலையோ ஒரு பாடமாகக் கொண்ட பட்டத்தில் 60 சதவீதம் அல்லது 6.5 தரப்புள்ளி வேண்டும். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 55 அல்லது 6.0. நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள். 59.8 ஐ 60 என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எஞ்சியிருக்கும் இரண்டு பருவங்களையும் நுழைவுத் தேர்வுப் படிப்பின் மும்முரத்தில் அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். முடித்துவிட்ட அந்த ஒரே அரியரைப் பற்றிக் கவலை வேண்டாம். சேர்க்கைக் குழுவில் உட்காரும் எங்களை உறுத்துவது இறுதிப் பருவம்வரை நிலுவையில் கிடக்கும் தாள்கள்தான். உரிய தேதிக்குள் பட்டத்தை முடிக்க முடியாமல் போனால் கிடைத்த இடமும் கைவிட்டுப் போய்விடும்.

மூன்றாவது செய்தியான தாள்கள்தான் என் பார்வையில் உயிர்நாடி. சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எம்.எஸ்ஸி. கணினி அறிவியலுக்குக் கணினிப் பட்டதாரிகளோடு, கணினியில் வலுவான அடிப்படை உள்ள கணிதப் பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம். அந்த "வலுவான அடிப்படை" என்னவென்று நுழைவுத் தேர்வின் பாடத்திட்டமே காட்டிவிடும்: கணங்களும் உறவுகளும், எண்ணிக்கை முறைகள், தர்க்கம், வரைபடக் கோட்பாடு, ஆட்டோமேட்டா, தரவுக் கட்டமைப்புகள், வரிசையாக்கமும் தேடலும். இவற்றில் பாதி, கணித மாணவியான உங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை. அங்கே தேர்வு பொதுவாக மே மாதத்தில் நடக்கும். விடையை நிறுவிக் காட்டச் சொல்லும் வினாக்கள் இருக்கும். மனப்பாடம் செய்து வந்தவர்கள் அங்கே திணறுவதும், மெதுவாக யோசிக்கப் பழகியவர்கள் மேலே வருவதும் எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிற விஷயம்.

அடுத்தது ஜாம். ஐ.ஐ.டி.களின் எம்.எஸ்ஸி. இடங்களுக்கான இந்தத் தேர்வு பொதுவாகப் பிப்ரவரியில் நடக்கும். விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபரிலேயே முடிந்துவிடும் என்பதால் நம் ஊர்க் கல்லூரி மாணவர்கள் பலருக்குச் செய்தி எட்டும்போது கதவு சாத்தியிருக்கும். ஒரு தாளுக்கான கட்டணம் பெண்களுக்குப் பாதிதான். கணிதத் தாளில் 60 வினாக்கள், 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். பாடத்திட்டம் நீங்கள் அஞ்சுகிற அளவு பரந்ததில்லை: மெய்யெண் தொடர்முறைகளும் தொடர்களும், ஒருமாறி மற்றும் பலமாறி நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், நேரியல் இயற்கணிதம், குலக் கோட்பாடு. நம் பி.எஸ்ஸி.யில் பெரும் நேரத்தை விழுங்கும் நிலையியலும் இயக்கவியலும் அதில் இல்லை. கலப்பெண் பகுப்பாய்வும் இல்லை. பத்து வினாக்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கலாம். எல்லாச் சரியான விடைகளையும் குறித்தால்தான் மதிப்பெண். ஒரு தேற்றத்தின் நிபந்தனைகளை அரைகுறையாக நினைவில் வைத்திருப்பவரை அந்தப் பத்து வினாக்களும் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

உங்கள் இரட்டை விருப்பத்துக்கு ஜாம் வழியாக இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. குவஹாத்தி ஐ.ஐ.டி.யும் தன்பாத் ஐ.ஐ.டி.யும் "கணிதமும் கணிப்பும்" என்ற பெயரிலேயே எம்.எஸ்ஸி. நடத்துகின்றன. பாடங்கள் அருமையானவை. ஆனால் தமிழ்நாட்டு அரசுப் பணிக்கு வரும்போது, பட்டத்தின் பெயர் வெறும் "கணிதம்" என்று இல்லாத காரணத்தால் அது கணிதப் பட்டத்துக்கு இணையானது என்ற இணைத்தன்மைச் சான்று கேட்கப்படலாம். தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் இத்தகைய இணைத்தன்மைக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கிறது. சேருமுன்பே அந்தப் பட்டத்துக்கு ஏற்கெனவே ஆணை இருக்கிறதா என்று பார்த்துவிட்டால், பணிக்கு விண்ணப்பிக்கும் வேளையில் அலைய வேண்டியிருக்காது.

எம்.டெக். போன்ற சேர்க்கைகளுக்கான, பலருக்கும் குழப்பம் தருகிற கேட் தேர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்றாம் ஆண்டு மாணவியான நீங்கள் கேட் எழுதலாம்; கணினி அறிவியல் தாளையே எழுதலாம். தேர்வு எழுதத் தகுதி இருப்பதாலேயே எம்.டெக். சேரத் தகுதி வந்துவிடாது, எம்.டெக். இடங்களுக்கு நான்காண்டுப் பொறியியல் பட்டமோ, கணிதம் போன்ற பாடத்தில் முதுகலையோ கேட்பார்கள். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் எம்.டெக். கணினி அறிவியலுக்குக் கணித முதுகலைப் பட்டதாரிகள் விண்ணப்பிக்க இடமுண்டு. மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும் என்றாலும், எம்.எஸ்ஸி. இறுதியாண்டில் எழுதினால்தான் உங்களுக்கு அது முழுமையாகப் பயன்படும்.

இப்போது, நேர்காணல் அறையில் என் மேசைக்கு எதிரே நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். நல்ல மதிப்பெண்ணோடு வரும் மாணவரிடம், மெய்யெண்களாலான மூன்றுக்கு மூன்று அணி ஒன்றை அதனாலேயே பெருக்கினால் எதிர்க்குறியிட்ட அலகு அணி கிடைக்குமா என்று கேட்பேன். கெய்லி ஹாமில்டன் தேற்றத்தைச் சரிபார்க்கும் பத்து மதிப்பெண் கணக்கை எத்தனையோ முறை போட்டவர்தான். இருந்தாலும் உடனே எண்களை இட்டுப் பார்க்கத் தொடங்குவார். சற்றுப் பொறுத்து அணிக்கோவையை எடுத்தால் போதும்: இடப்பக்கம் ஒரு மெய்யெண்ணின் வர்க்கம் வருகிறது, வலப்பக்கம் மூன்று வரிசை இருப்பதால் கழித்தல் ஒன்று வருகிறது, மெய்யெண்ணின் வர்க்கம் குறையெண்ணாக இருக்க முடியாது, ஆகவே அப்படி ஓர் அணி இல்லை. அடுத்து, இரண்டுக்கு இரண்டில் உண்டா என்று கேட்பேன். தொண்ணூறு பாகைச் சுழற்சியை இரண்டு முறை செய்தால் நூற்றெண்பது பாகை ஆகிறதல்லவா என்று ஒரு மாணவி கையைச் சுழற்றிக் காட்டியபோது, குழுவில் இருந்த மூவரும் அவளுடைய மதிப்பெண் பட்டியலை அதன்பின் திருப்பவே இல்லை.

நிரலிலும் இதே கதைதான். வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் பைனரி சர்ச் எழுதச் சொன்னால் எழுதிவிடுவார்கள். கீழ் எல்லை 4, மேல் எல்லை 5 என்று இருக்கும்போது உங்கள் நிரல் என்ன செய்யும் என்று கேட்டால் அமைதியாகிவிடுவார்கள். நடுவிடம், முழுஎண் வகுத்தலில் 4 ஆகிறது. தேடும் எண் வலப்பக்கம் இருப்பதாகத் தெரிந்து கீழ் எல்லையை நடுவிடத்துக்கே நகர்த்தினால் அது மறுபடியும் 4 தான். நிரல் சுற்றிக்கொண்டே இருக்கும். நடுவிடத்தோடு ஒன்றைக் கூட்டி நகர்த்தினால் எல்லைகளின் இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் குறைந்தே ஆக வேண்டும். இயல் எண் ஒன்று முடிவில்லாமல் குறைந்துகொண்டே போக முடியாது. ஆகவே நிரல் நின்றே தீரும். இந்த வாதம் நீங்கள் முதலாமாண்டில் படித்த கணிதத் தொகுத்தறிதலின் உடன்பிறப்பு. கணிதம் படித்த பிள்ளை கணினித் துறைக்குக் கொண்டு வரும் சீதனம் இந்தச் சிந்தனைதான். கணினிப் பட்டதாரிகளுக்குப் பின்னால் நிற்க வேண்டியவள் என்று உங்களை நீங்கள் எண்ணிக்கொள்ளாதீர்கள்.

ஆகவே அடுத்த சில மாதங்களுக்கு உங்களிடம் நான் கேட்பது, நாள்தோறும் ஒரு தேற்றத்தின் நிறுவலைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுதிப் பார்ப்பது. வாரத்துக்கு இரண்டு நிரல்களை எழுதி, அவை ஏன் சரி, ஏன் நிற்கும் என்று பக்கத்தில் தமிழிலேயே எழுதி வைப்பது. தரவுக் கட்டமைப்பும் நெறிமுறைகளும் (அல்காரிதம்) உங்கள் பாடத்திட்டத்தில் இல்லாத குறையை என்.பி.டி.இ.எல். இணையவழிப் படிப்புகள் தீர்த்துவைக்கும். சென்னைக் கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் வழி நிரலாக்கமும் தரவுக் கட்டமைப்பும் பற்றிய எட்டு வாரப் படிப்பை நான் என் மாணவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். பாடம் இலவசம், சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் 1,000 ரூபாய் கட்டித் தேர்வு எழுத வேண்டும். கணினித் தாள்கள் குறைவாக உள்ள உங்கள் மதிப்பெண் பட்டியலுக்கு அந்தச் சான்றிதழ் துணை நிற்கும் என்பதால் முடிந்தால் கட்டுங்கள்.

அண்ணன் சொல்லும் எம்.சி.ஏ.யைத் தள்ளிவிடாதீர்கள். 2020-21 கல்வியாண்டிலிருந்து தமிழ்நாட்டில் அது இரண்டாண்டுப் படிப்பு. பிளஸ் டூவிலோ பட்டத்திலோ கணிதம் படித்த உரிய மதிப்பெண் உள்ள எந்தப் பட்டதாரியும் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வை எழுதிச் சேரலாம். அங்கே உங்கள் தகுதியில் எந்த ஐயமும் இல்லை. வீட்டுக்கு விரைவில் வருமானம் வேண்டும் என்றால் அதுவே சரியான வழி என்று நானும் சொல்வேன். வீடு இன்னும் நான்கைந்து ஆண்டுகள் பொறுக்கும் என்றால் என் பரிந்துரை வேறு: எம்.எஸ்ஸி. கணிதத்தை நல்ல இடத்தில் படியுங்கள். விருப்பப் பாடங்களாக நெறிமுறைகள், வரைபடக் கோட்பாடு, எண்சார் நேரியல் இயற்கணிதம் போன்றவற்றை எடுங்கள். பிறகு கணிதத்திலோ கோட்பாட்டுக் கணினியியலிலோ ஆராய்ச்சிக்குப் போங்கள். கணிதத்தில் நின்றுகொண்டு கணினிப் பக்கம் கை நீட்டுவது எளிது. கணினிக்குப் போய்விட்டுக் கணிதத்துக்குத் திரும்பி வருவது, என் அனுபவத்தில், மிகக் கடினம். பள்ளிப் பணி, கல்லூரிப் பணி, ஆராய்ச்சி மூன்றும் இந்த வழியில் உங்களுக்குத் திறந்தே இருக்கும். சீனியர் சொன்ன கிராஸ் மேஜர் சிக்கலும் எழாது. சென்னைக் கணிதவியல் கழகத்தில் கணினி அறிவியலே கிடைத்துவிட்டால் மட்டும் இந்த அறிவுரையை ஒதுக்கி வைத்துவிட்டுச் சேர்ந்துவிடுங்கள். அங்கே கணினியையே கணிதமாகத்தான் கற்பிக்கிறார்கள்.

கடைசியாகச் சான்றிதழ்கள். இதில் வரும் இழப்பு படிப்பில் வரும் இழப்பைவிட மனத்தை அதிகம் வருத்தும். நீங்கள் பிற்படுத்தப்பட்ட அல்லது மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர் என்றால், கையில் இருக்கும் மாநிலச் சாதிச் சான்றிதழை மத்திய நிறுவனங்கள் ஏற்காது. உங்கள் சமூகம் மத்தியப் பட்டியலில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, வளமான பிரிவில் வரவில்லை என்று மத்திய அரசு வடிவத்தில் வட்டாட்சியர் அலுவலகம் தரும் ஓ.பி.சி. சான்றிதழை இ-சேவை வழியாகத் தனியே பெற வேண்டும். அதுவும் அறிவிப்பு கேட்கும் நிதியாண்டுக்குரியதாக இருக்க வேண்டும். தேர்வில் நல்ல இடம் பிடித்த மாணவர் ஒருவர் பழைய மாநிலச் சான்றிதழைப் பதிவேற்றிவிட்டு, திருத்தக் கொடுத்த கெடுவுக்குள் புதியதைப் பெற முடியாமல், ஒதுக்கீட்டு இடத்தை இழந்து என் அறையில் வந்து நின்றார். என்னால் அவருக்கு எதுவும் செய்ய முடியவில்லை.

உங்கள் கல்லூரி தரப்புள்ளியில் மதிப்பெண் தருகிறது என்றால், அதைச் சதவீதமாக மாற்றும் சூத்திரத்தைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து முத்திரையோடு வாங்கி வையுங்கள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறுபவராக இருந்தால் அது இளங்கலையோடு நின்றுவிடும் என்பதையும் கணக்கில் வைத்து, சேரப்போகும் நிறுவனத்தின் உதவித்தொகைப் பகுதியை, கட்டணப் பகுதியைப் படிக்கும்போதே சேர்த்துப் படியுங்கள். இந்த வாரம் சனிக்கிழமை அப்பாவையும் அண்ணனையும் உட்காரவைத்து, எத்தனை ஆண்டுகள் பொறுக்க முடியும் என்ற ஒன்றை மட்டும் பேசிவிட்டு எழுதுங்கள். விடை எதுவானாலும், ஜாம் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டே எழுதுங்கள்.